கண்ணாடிக்கு உள்ளே

"அப்பாவை வியாழக்கிழமை உன்கிட்டயே கூட்டிட்டு வரேன்" என்று போன வாரம் கணவன் சொன்னபோது அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. காது பரிசோதிப்பது அவள் வேலை. மாமனாருக்குக் காது கேட்காது. மறுப்பதற்கு என்ன காரணம் சொல்வது?

காரணம் ஒன்று இருந்தது. அதைத்தான் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை வந்துவிட்டது.

அந்த வீட்டில் பொழுது விடிவது குளியலறைக் கதவில்தான். யாராவது தட்டுவார்கள். உள்ளே இருப்பவர் "வந்துட்டேன்" என்பார், வரமாட்டார். இரண்டு அறை, ஒரு கூடம். அதில் மாமனார், மாமியார், அவள், கணவன், கொழுந்தன், ஓரகத்தி, இரண்டு பேருடைய பிள்ளைகள். எள் போட்டால் எள் கீழே விழாது. விழுந்தாலும் யாராவது "இது யாருது?" என்று கேட்பார்கள்.

கூடத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் தனித்தீவு. ஜன்னல் ஓரம் மாமனாரின் நாற்காலி. அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடத்துப் பிள்ளைகள் அவரைப் 'பிளாட்பாரம்' என்பார்கள். ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு ஓய்வு பெற்ற பிறகு யார் சொல்வதும் கேட்காமல் போனது. அதிலிருந்து அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

"இன்னைக்குச் சாயங்காலம் காது டெஸ்ட்! ஞாபகம் இருக்கட்டும்!" என்று மாமியார் அவர் முகத்துக்கு நேரே கத்தினாள்.

அவர் சிரித்தார். செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார்.

"அந்த ஜன்னல்கிட்ட சொல்லுங்க அத்தை. அதுவாவது திறந்து மூடும்" என்றாள் ஓரகத்தி. பிறகு அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, நிஜமாவே மெஷின் மாட்டிடுவீங்களா?"

"பார்த்தாதான் தெரியும்."

"மாட்டிட்டா நாம எங்க போய்ப் பேசறது? இருக்கறது அந்த ஒரு மூலைதான்."

அது வேடிக்கைப் பேச்சு இல்லை. அந்த ஜன்னலில் போன் தெளிவாகக் கேட்கும். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. ஓரகத்தி தன் அம்மாவிடம் மாமியாரைப் பற்றிக் குறை சொல்வது அங்கே நின்றுதான். மாமியார் தன் தங்கையிடம் ஓரகத்தியைப் பற்றிக் குறை சொல்வதும் அங்கேதான். வீட்டில் எல்லாருக்கும் அது முறை வைத்த இடம். குளியலறை மாதிரி.

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

---

பேருந்தில் கூட்டம். கம்பியைப் பிடித்த கைகளுக்கு நடுவில் தன் கை எது என்று தெரியாத கூட்டம்.

இப்படிப்பட்ட நேரங்களில் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். மூடினால் பள்ளிக்கூடம் வரும்.

அவள் அப்பா ஒரு பள்ளிக்கூடத்தின் காவலாளி. பின்பக்கம் ஒரே அறையில் குடியிருப்பு. வருஷம் முழுவதும் அந்தக் கட்டடம் இரைச்சலாக இருக்கும். விடுமுறை விட்ட முதல் நாள் காலை, யாரோ ஒரு பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்து மூடியது போல எல்லாம் அடங்கிவிடும். அன்றிலிருந்து அத்தனை வகுப்பறையும் அவளுடையது.

அவள் விளையாடமாட்டாள். கரும்பலகையில் எழுதமாட்டாள். ஏதாவது ஒரு வகுப்புக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஜன்னல் வழியாக வெயில் வந்து ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்கு நகரும். சாக்குப்பொடி அதில் மிதக்கும். பெஞ்சில் யார் யாரோ கீறி வைத்த பெயர்களை விரலால் தடவுவாள். அந்தப் பெயர்க்காரர்கள் ஒருவரும் அங்கே இல்லை என்பது அவளுக்கு அவ்வளவு நிம்மதியாக இருக்கும்.

"எங்கடி போயிருந்தே?" என்று அம்மா கேட்பாள்.

"எங்கயும் இல்ல" என்பாள். அதைவிடச் சரியான பதில் அவளுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

கல்யாணமாகி, பிள்ளை பெற்று, இந்த வேலையில் சேர்ந்த முதல் நாள் மருத்துவர் அவளை அந்தச் சின்ன அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். கனத்த கதவு. சுவரெல்லாம் பஞ்சு. ஒரு பக்கம் இரட்டைக் கண்ணாடி. கீழே கடைத்தெருவின் ஹாரன், கூவல், பக்கத்துக் கட்டடத்துத் துளைப்பான் எல்லாம் சட்டென்று நின்றன. விடுமுறையின் முதல் நாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசு என்று சொன்னாள்.

பரிசோதனைகள் ஐந்து மணிக்கு முடியும். வேலை ஆறு மணி வரை என்று வீட்டில் சொல்லியிருந்தாள். நடுவில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் அவள் அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். படிக்கமாட்டாள். தூங்கமாட்டாள். போனைக்கூட வெளியே வைத்துவிடுவாள். அப்புறம் வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் எல்லாமாக இருப்பாள். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் எப்போதோ ஒருநாள் ஒரு தட்டையாவது சுவரில் எறிந்திருப்பாள். இது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

---

கடைசி ஆளாக மாமனாரைக் கூட்டிக்கொண்டு கணவன் வந்தான். லிஃப்ட் மெக்கானிக். எங்கே போனாலும் முதலில் அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பற்றித்தான் பேசுவான்.

"உங்க லிஃப்ட் ரெண்டாவது மாடில இருமுது. வயித்தெரிச்சலா இருக்கு" என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொன்னான்.

"மாடில ஆறு வருஷமா நாங்களே இருமறோம், லிஃப்ட் இருமினா என்ன அண்ணா?" என்றாள் அந்தப் பெண்.

"நீங்க இங்கயே உட்காருங்க. நான் மாமாவை உள்ள கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அவள் கணவனிடம்.

மாமனாரை அறைக்குள் உட்காரவைத்தாள். காதில் ஹெட்போனை மாட்டினாள். கையில் பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும் என்று சைகையில் காட்டினாள். கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

மெல்லிய ஒலியில் தொடங்கினாள். அவர் அழுத்தவில்லை. கூட்டினாள். இல்லை. இன்னும் கூட்டினாள். பாதிக்கு மேல் போன பிறகு அவர் விரல் அசைந்தது.

எதிர்பார்த்ததுதான். ஆனால் ஏதோ உறுத்தியது.

அவள் கையை எடுத்துவிட்டு ஒன்றும் அனுப்பாமல் காத்திருந்தாள். காது கேட்காதவர்கள் இந்த நேரத்தில் அழுத்திவிடுவார்கள். எப்படியாவது கேட்க வேண்டும் என்ற ஆசை. இல்லாத சத்தத்துக்கும் அழுத்துவார்கள். இத்தனை வருஷத்தில் ஆசைப்படாத ஒரு செவிடரை அவள் பார்த்ததில்லை.

மாமனார் அழுத்தவில்லை. ஒரு முறைகூட இல்லை. நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

அவள் மைக்கை இயக்கினாள். ஒலி அளவைக் கீழே கொண்டுவந்தாள். மிகக் கீழே, ஓர் இலை விழும் அளவுக்கு. இது இந்தத் தொழிலில் ஒரு பழைய தந்திரம். விடுப்புக்காகவும் நஷ்டஈட்டுக்காகவும் காது கேட்பதை மறைப்பவர்களுக்கென்று வைத்திருப்பது. சொந்த வீட்டு மனிதருக்குச் செய்ய நேரும் என்று அவள் நினைத்ததில்லை.

"முடிஞ்சுது மாமா. கழட்டிட்டு வாங்க."

அவர் ஹெட்போனைக் கழற்றக் கையை உயர்த்தினார்.

கை பாதி வழியில் நின்றது.

கண்ணாடி வழியாக இருவரும் பார்த்துக்கொண்டார்கள். ஹெட்போனைத் தொட்டபடி அவர் அப்படியே இருந்தார், திருடும்போது விளக்கு எரிந்தது போல. பிறகு மெதுவாகக் கையை மடியில் வைத்தார். உள்ளே இருந்த மைக்கின் பக்கம் குனிந்தார். குனிந்த விதத்திலேயே பழக்கம் தெரிந்தது.

"கதவு சாத்தியிருக்கா?" என்றார்.

கத்தவில்லை. இத்தனை நாள் வீட்டில் கேட்ட செவிட்டுக் குரல் அது இல்லை. தாழ்ந்த, தெளிவான குரல்.

"சாத்தியிருக்கு மாமா."

"அவன்?"

"வெளிய இருக்கார். கேக்காது."

அவர் தலையாட்டினார்.

"எப்ப இருந்து?" என்றாள்.

"ரிட்டையர் ஆன வருஷம் மழைல ஒரு சளி பிடிச்சுது இல்ல? அப்ப நிஜமாவே அடைச்சுப் போச்சும்மா. ஒரு வாரம். யாரும் என்னை ஒண்ணும் கேக்கல. குழாய் ஏன் ஒழுகுதுன்னு கேக்கல. யார் பக்கம் நியாயம்னு கேக்கல. உங்க அத்தைகூட ரெண்டு தரம் கத்திப் பார்த்துட்டு விட்டுட்டா. அப்புறம் ஒருநாள் காலைல காது திறந்துக்கிச்சு. சொல்லலாம்னுதான் இருந்தேன். காப்பி குடிச்சுட்டுச் சொல்லலாம்னு நினைச்சேன். குடிச்சேன். சொல்லல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு கேபின் இருந்துது, தெரியுமா உனக்கு? பிளாட்பாரத்துக்கு மேல. நாலு பக்கமும் கண்ணாடி. கீழ அவ்வளவு ஜனம். நான் பேசுவேன், எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பாங்க. ஒருத்தரும் பதில் பேச முடியாது." அவர் பஞ்சுச் சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். "வண்டி எல்லாம் போனதுக்கப்புறம் மத்தியானத்துல ஒரு இடைவெளி வரும். மைக்கை அணைச்சுட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். தண்டவாளம் வெயில்ல மின்னும். ஒரு ஆள் இருக்கமாட்டான். அதுக்காகத்தான்மா நான் வேலைக்கே போனேன்."

அவள் மனதில் பள்ளிக்கூடம் வந்தது. வெயில் ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தது.

"நீயும் அதுக்குத்தானே இங்க இருக்கே, அஞ்சு மணிக்கு மேல?" என்றார்.

அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"யார் சொன்னாங்க?"

"நீதான். ஜன்னல்கிட்ட நின்னு. அஞ்சு மணிக்கு மேல ஒரு மணி நேரம் தனியா இருக்கணும், இந்த ரூம் சாவி என்கிட்டயே இருக்கட்டும்னு இந்த ரிசப்ஷன் பொண்ணுகிட்ட கெஞ்சினியே. எனக்கு அன்னைக்கு எழுந்து உன் தலைல கை வைக்கணும் போல இருந்துது. எழுந்தா கேட்டதுன்னு ஆயிடும். உட்கார்ந்துட்டேன்."

அந்த மூலையில் தானும் நின்றிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"யார்கிட்டயும் சொல்லலையே மாமா?"

"நான் செவிடன்மா. நான் யார்கிட்ட சொல்றது."

வெளிக்கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். வரவேற்புப் பெண். அலுவலகம் மூடும் நேரம்.

"அஞ்சு நிமிஷம்" என்று அவள் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

மாமனார் நாற்காலியில் சாய்ந்தார். "ஒண்ணு கேக்கட்டுமா? போறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் இப்படியே இருந்துக்கறேன். அந்த மைக்கை அணைச்சுடு."

அவள் அணைத்தாள்.

அவர் கண்களை மூடிக்கொண்டார். முகம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. வீட்டில் அவர் மூடியிருந்தது காதை அல்ல, முகத்தை என்று அவளுக்குத் தோன்றியது. எவ்வளவு வேலை அது, இத்தனை நாள் திரும்பிப் பார்க்காமல் இருப்பது. பாத்திரம் விழுந்தால்கூடத் துள்ளாமல் இருக்கும் அந்தக் கழுத்தை அவள் நினைத்துப் பார்த்தாள்.

தன்னுடைய நேரத்தில் ஒரு பங்கு போகிறது. போகட்டும் என்றிருந்தது. அந்த அறையில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பது இடைஞ்சலாகத் தெரியாதது இதுவே முதல் தடவை.

---

"என்ன ஆச்சு? மெஷின் வாங்கணுமா?" என்று கணவன் எழுந்தான்.

"வேண்டாம். இந்தக் காதுக்கு மெஷினால பிரயோஜனம் இல்ல."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவள் மனதில் அதைச் சரிபார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

"அவ்வளவு மோசமா?"

"இதுக்கு மேல மோசமாகாது."

அவன் அப்பாவைப் பார்த்தான். மாமனார் மறுபடி அந்த வெறும் சிரிப்பைச் சிரித்துக்கொண்டு நின்றார். அவன் அவர் தோளைத் தொட்டுத் தட்டிக்கொடுத்தான். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து அவளுக்கு வருத்தமாக இருந்தது.

அத்தோடு முடிந்திருக்கும். வரவேற்புப் பெண் விளக்கை அணைத்தபடி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு உங்க ஒரு மணி நேரம் போச்சேக்கா. பரவாயில்ல, நாளைக்கு உட்காருங்க. ரூம் சாவிதான் உங்ககிட்டயே இருக்கே."

கணவன் ஒன்றும் கேட்கவில்லை. படி இறங்கும்போது கேட்கவில்லை. லிஃப்டைப் பற்றியும் பேசவில்லை. பேருந்து நிறுத்தம் வந்த பிறகுதான் கேட்டான்.

"வேலை அஞ்சு மணிக்கு முடிஞ்சுடுமா?"

"ஆமா."

"ஆறு மணி வரைக்கும் என்ன பண்றே?"

"உட்காருவேன்."

"யார்கூட?"

"யாரும் இல்லாம."

அவன் காத்திருந்தான், வாக்கியம் இன்னும் முடியவில்லை என்பது போல. அது முடிந்துவிட்டது. வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அவனுக்குக் கோபப்படவாவது தெரிந்திருக்கும்.

"யாரும் இல்லாமன்னா? எதுக்கு? வீட்ல என்ன குறை உனக்கு? அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலங்க."

"பின்னே? அங்க அம்மா ஒத்தை ஆளா நின்னு எல்லாருக்கும் பண்றாங்க. பசங்க எப்ப வருவே எப்ப வருவேன்னு கேக்குதுங்க. நீ ஆபீஸ்ல கஷ்டப்படறேன்னு நான் நினைச்சுட்டிருக்கேன். நீ என்னன்னா, சும்மா உட்கார்ந்துட்டு வரே."

"சும்மாதான்" என்றாள். அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு இருந்தது என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடத்தைப் பற்றி இவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். பிறகு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்றிருப்பான்.

"நாளைல இருந்து அஞ்சு மணிக்கே கிளம்பிடு" என்றான். கத்தவில்லை. தீர்மானமாகச் சொன்னான். "சாவியை அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துடு."

வாயில் 'சரி' வந்துவிட்டது. பழக்கம். அதைச் சொல்லிவிட்டால் அந்த அறை போய்விடும் என்று தெரிந்தும் வந்துவிட்டது. உதட்டைத் தாண்டவில்லை, அவ்வளவுதான்.

"விடுடா அவளை."

நிறுத்தத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரயில்களை வரவழைத்த குரல். அது தாழ்ந்திருந்தாலும் ஆட்களைத் திருப்பும்.

கணவன் மெதுவாகத் திரும்பினான். "அப்பா?"

"அவ ஆறு மணிக்கே வரட்டும்."

"உங்களுக்கு... கேக்குதா?"

"கேக்காமயா இவ்வளவு சரியா பதில் சொல்றேன்?"

அவன் அவளைப் பார்த்தான். "மெஷினால பிரயோஜனம் இல்லைன்னியே நீ."

"இல்லையே" என்றாள்.

அவன் முகத்தில் கோபம் ஏறுவது தெரிந்தது. காதிலிருந்து கழுத்துவரை சிவந்தான். எத்தனை தடவை அவர் முன்னால் தொண்டை கிழியக் கத்தியிருப்பான். எத்தனை மருத்துவர்களிடம் விசாரித்திருப்பான். கொஞ்ச நேரத்துக்கு முன்பு கண்கூடக் கலங்கியிருந்தான். "எத்தனை நாளாப்பா?" என்று தொடங்கினான்.

"ரிட்டையர் ஆனதுல இருந்தே."

அவன் வாயைத் திறந்தான்.

ஏறிய கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. அவன் கண் எங்கேயோ போனது. கூடத்துக்குப் போகிறது என்று அவளுக்குப் புரிந்தது. நாற்காலிக்கு. ஜன்னலுக்கு.

"அப்போ... ஜன்னல்கிட்ட நான்..." என்றான். குரல் சின்னதாகிவிட்டது.

"ம்."

"போன மாசம் பேசினது..."

"கேட்டுதுடா."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது. அவன் பேருந்து வரும் திசையைப் பார்த்தான். அங்கே பேருந்து இல்லை. மாமனார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார் கடைசியில். எதைச் சொல்கிறார் என்று விளக்கவில்லை. தன் காதையா, மருமகளின் ஒரு மணி நேரத்தையா, மகனின் போன் பேச்சையா?

"சரிப்பா" என்றான் கணவன். பிறகு அவள் பக்கம் பார்க்காமல், "நீ ஆறு மணிக்கே வா" என்றான்.

ஓர் 'ஆனா' இல்லை. 'பார்க்கலாம்' இல்லை. அவர்கள் கல்யாண வாழ்க்கையில் அவன் எதையும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லை.

பேருந்து வந்தது. ஒரு பெண் எழுந்து மாமனாருக்கு இடம் கொடுத்தாள். நடத்துனர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். மாமனார் காதருகே கையைக் குவித்து வெறும் சிரிப்புச் சிரித்தார். நடத்துனர் கத்தினார். அவர் இன்னும் சிரித்தார். நடத்துனர் கையை உதறிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

கணவன் தள்ளி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

அவளுடைய ஒரு மணி நேரம் பிழைத்துவிட்டது. இனி அது திருட்டு நேரம்கூட இல்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது.

யாரோ முதுகில் சாய்ந்தார்கள். யாருடைய பையோ இடுப்பில் குத்தியது. அவள் எப்போதும் போல் கண்ணை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடம் வந்தது. விடுமுறை. கடைசி பெஞ்ச். வெயிலில் சாக்குப்பொடி.

ஜன்னல் பக்கத்தில் யாரோ ஒருவன் நின்றிருந்தான்.

அந்த வகுப்பில் இத்தனை வருஷத்தில் இன்னொரு ஆளை அவள் பார்த்ததில்லை. அவனுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. காதில் போனை வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், மெல்லிய குரலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

அந்த முதுகை அவளுக்கு நன்றாகத் தெரியும். பேச்சுதான் கேட்கவில்லை.